இரண்டு பங்கு மிஞ்சுகிறது

அடுகோடி
8-9-2025

அன்புத் தம்பி முனிராஜுக்கு அக்கா யசோதா எழுதுவது.

நான் நலம் என்றுதான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். ஆரம்பித்துவிட்டேன். வீணா எப்படி இருக்கிறாள்? முகேஷுக்குச் சளி விட்டதா?

ஒரே ஊரில் இருந்துகொண்டு கடிதமா என்று கேட்காதே. போன் போட்டால் நீயும் அழுகிறாய், நானும் அழுகிறேன், சேதி மட்டும் போய்ச் சேருவதில்லை. பீன்யாவுக்கு வர மூன்று பஸ் மாற வேண்டும். எனக்குப் பதில் இந்தக் கடிதம் மாறி வரட்டும். ரக்ஷாவின் நோட்டில் எழுதாத தாள் நிறைய இருக்கிறது. ஐந்தாவதோடு நின்றவள் நான், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

ரக்ஷா போய் நாற்பது நாள் ஆனதும் வேலைக்குத் திரும்பிவிட்டேன். ஆறே நாள் காய்ச்சல். வீட்டில் இருந்தால் அவள் செருப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்து அடுக்களையில் கைக்கு வேலை இருக்கிறது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். காலையில் பேர் கூப்பிட்டு ஹாஜரி எடுத்ததும் வித்யாலட்சுமி டீச்சர் அடுக்களைக் கதவில் சாக்பீஸால் எண் எழுதுவார். அதைப் பார்த்துத்தான் தலைக்கு ஒரு டம்ளர் அரிசி அளக்கிறேன். ஒருத்தரும் லீவு போடாத நாளில் முப்பது என்று எழுதுகிறார். தட்டை எண்ணினால் இருபத்தெட்டு. மூன்று வருஷமாகவே ஒரு பங்கு மிஞ்சும். டீச்சர் எனக்காக இரக்கப்பட்டு ஒன்று கூட்டி எழுதுகிறார் என்று நினைத்து வாயைத் திறக்காமல் தூக்குச்சட்டியில் கொண்டுவருவேன். சாயங்காலம் ரக்ஷா சாப்பிடுவாள். இப்போது இரண்டு பங்கு மிஞ்சுகிறது. சாப்பிட ஆள் இல்லை.

ஏன் இரண்டு? நீ கணக்கில் கெட்டிக்காரன், சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
யசோதா

பீன்யா
17-9-2025

அக்காவுக்கு முனிராஜின் வணக்கம்.

கடிதம் கிடைத்தது. முகேஷுக்குச் சளி விட்டது. வீணா உனக்காக நெல்லிக்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள். கம்பெனியில் இரண்டு ஷிப்ட் பார்க்கச் சொல்கிறார்கள், அதனால்தான் வர முடியவில்லை.

மிஞ்சுகிற சோற்றைப் பற்றி யோசித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. பெரிய கரண்டி, சின்னக் கரண்டி வித்தியாசமாக இருக்கும். அந்த வேலையை விட்டுவிட்டு இங்கே வந்துவிடு. எங்கள் கேன்டீனில் ஆள் கேட்கிறார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தைத் தினம் பார்த்தால் உனக்கு எப்படி ஆறும்?

வேளைக்குச் சாப்பிடு.
முனிராஜ்

அடுகோடி
26-9-2025

தம்பிக்கு அக்கா எழுதுவது. எல்லாரும் சுகம்தானே? எனக்கு முட்டிவலி மட்டும்தான், அது பழைய உறவு.

பன்னிரண்டு வருஷமாக முப்பது நாற்பது பேருக்குச் சமைக்கிறவளிடம் கரண்டிக் கதை சொல்லாதே. டீச்சரிடமே கேட்டுவிட்டேன்.

"டீச்சர், தட்டு இருபத்தெட்டு. கதவுல முப்பது. யாரு அந்த ரெண்டு பேரு?"

அவர் சாக்பீஸைக் கீழே வைத்தார். "ஒண்ணு ரக்ஷா, யசோதாம்மா."

 அவரே சொன்னார்: "முப்பதுக்குக் கீழ போனா ரெண்டாவது வாத்தியார எடுத்துடுவாங்க. சிரில் சார் போயிட்டா அஞ்சு கிளாஸுக்கும் நான் ஒருத்திதான். அதப் பாத்து இன்னும் நாலு பிள்ளைங்க போவும். அப்புறம் பூட்டுதான். உங்க பொண்ணு பேருதான் இங்க இருபத்தெட்டு பிள்ளைங்களத் தாங்கிட்டு நிக்குது. தப்புன்னா சொல்லுங்க, இப்பவே பேர அடிச்சிடறேன்." பேனாவைத் திறந்தே வைத்துக்கொண்டு நின்றார்.

அடிக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரேஷன் கார்டில் அவள் பேரை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கிக்கொண்டு வேறு சீட்டுக் கொடுத்தார்கள். அவள் பேர் உயிரோடு இருக்கிற ஒரே இடம் அந்த ஹாஜரிப் புத்தகம். தினம் அவளுக்கென்று ஒரு டம்ளர் அரிசி போடுகிறேன் என்று தெரிந்ததில் எனக்கு ஒரு சந்தோஷம், தம்பி. வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

இன்னொரு பேர் யாருடையது என்று கேட்டேன். "அது நல்லா இருக்கற பிள்ளை, நல்லா இருக்கட்டும். கேக்காதீங்க" என்றார்.

உனக்குத் தெரியுமா? நீ இங்கே குடியிருந்தபோது பள்ளிக் கமிட்டியில் இருந்தாயே.

பதில் போடு.
யசோதா

அடுகோடி
27-10-2025

தம்பி முனிராஜுக்கு,

ஒரு மாசம் ஆகிறது. தீபாவளியும் போய்விட்டது. உனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே? வீணா போனில், "அவரு நல்லாத்தான் இருக்காரு அண்ணி" என்றாள். நல்லாத்தான் இருக்கிறவன் எழுதாமல் இருப்பது எதனால் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த மாசம் கல்வி ஆபீசர் தலை எண்ண வருகிறாராம். டீச்சர் இப்போதே ஹாஜரிப் புத்தகத்தைத் திரும்பத் திரும்ப எண்ணுகிறார்.

இங்கே மூன்றாம் வகுப்புக் கூரை ஒழுகுகிறது. பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குக் கதவு இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி பழைய புடவைத் துணியைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்கிறாள். ரக்ஷாவும் நின்றிருக்கிறாள். ஜூனில் வரவேண்டிய யூனிபார்ம் இன்னும் வரவில்லை. கேட்டால், பிள்ளைகள் குறைச்சல், அதனால் வருகிற பணமும் குறைச்சல் என்கிறார்கள். பிள்ளைகள் ஏன் குறைந்தார்கள்? கதவு இல்லாததால். கதவு ஏன் இல்லை? பிள்ளைகள் குறைந்ததால். இந்தக் கயிற்றை எந்தப் பக்கம் பிடித்து இழுத்தாலும் நம் கழுத்தில்தான் இறுகுகிறது.

ஒவ்வொரு வீடாகப் பிள்ளைகளை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். தையல்காரர் தன் மகள் அதிதியைக் கூட்டிப்போனார். அவருக்கும் முன்னால் போனது உன் மகன். நான் குறை சொல்லவில்லை. சொல்லவில்லை என்று எழுதும்போதே கை எழுதிவிடுகிறது, பார்.

ஊறுகாய் கெட்டுப்போவதற்குள்ளாவது வா.
யசோதா

பீன்யா
4-11-2025

அக்காவுக்கு,

வீட்டில் எல்லாரும் நலம். உன் முட்டிவலிக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன்.

மகனைக் கூட்டிப்போனேன் என்று எழுதியிருந்தாய். அந்த வருஷம் சிரில் சார் இன்னும் வரவில்லை, ஒரே டீச்சர். அவரையும் எலெக்ஷன் வேலை, கணக்கெடுப்பு வேலை என்று பாதி நாள் அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது முடித்த முகேஷுக்குத் தன் பேரை எழுதத் தெரியவில்லை. பேனாவைக் கொடுத்தால் கோலம் போட்டான். உன் நியாயம் நிற்பதற்காக என் பிள்ளையை அங்கே உட்கார வைத்திருக்க வேண்டுமா? நீ தாய், சொல்.

ஆபீசர் வருகிற அன்று அடுக்களையை விட்டு வெளியே வராதே. டீச்சர் என்ன செய்தாலும் கண்டும் காணாமல் இரு. உனக்கும் நல்லது, எல்லாருக்கும் நல்லது. வேறு ஒன்றும் கேட்காதே.

முனிராஜ்

அடுகோடி
13-11-2025

தம்பிக்கு,

நீ, வீணா, குழந்தை மூவரும் சுகம் என்று நினைக்கிறேன். எனக்குச் சுகமா என்று இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நீயே முடிவு பண்ணு.

நேற்று ஆபீசர் வந்தார். மஞ்சுநாத் என்று பேர். கெட்ட மனுஷன் மாதிரி தெரியவில்லை. வெயிலில் நடந்து வந்தவர், ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தார். அவர் பேசியது கன்னடத்தில், நானும் கன்னடத்தில்தான் பேசினேன். உனக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

பெஞ்சில் முப்பது தலை இருந்தது. இரண்டு பேரைத் தெருவிலிருந்து கடன் வாங்கி உட்கார வைத்திருந்தார்கள். ஹாஜரி படித்தார்கள். பையன்கள் பேர் முதலில். நான் சாம்பாரைக் கிண்டிக்கொண்டிருந்தேன்.

"முகேஷ், தகப்பனார் முனிராஜ்."

"உள்ளேன் சார்" என்றது யாரோ ஒரு பையன்.

கரண்டியை விட்டுவிட்டேன், தம்பி. அது சாம்பாருக்குள்ளே மூழ்கிவிட்டது. மூன்று வருஷமாக மிஞ்சிய பங்கு யாருடையது என்று அப்போது தெரிந்தது. நீ மாற்றுச் சர்டிபிகேட் வாங்காமலேயே பிள்ளையை அங்கே சேர்த்திருக்கிறாய், பேரை இங்கேயே விட்டிருக்கிறாய். உன் மகன் பங்கைத்தான் என் மகள் மூன்று வருஷமும் சாயங்காலம் சாப்பிட்டிருக்கிறாள்.

அப்போதும் அசையவில்லை. நீ சொன்னபடி கண்டும் காணாமல்தான் நின்றேன். அப்புறம் பெண் பிள்ளைகள் பேர்.

"ரக்ஷா."

தையல்காரர் மகள் அதிதி எழுந்தாள். புது யூனிபார்ம் போட்டிருந்தாள். ஜூனில் வரவேண்டியது போன வாரம்தான் வந்து இறங்கியது, அதில் ரக்ஷா பேருக்கு வந்தது. கழுத்துப் பட்டியில் பிளாஸ்டிக் இன்னும் இருந்தது. "உள்ளேன்" என்று சொல்ல வாயைத் திறந்தவள் அடுக்களை வாசலில் என்னைப் பார்த்துவிட்டாள். ரக்ஷாவோடு பாண்டி ஆடியவள் அவள். உதடு கோணிக்கொண்டு அழுதுவிட்டாள். டீச்சர் பின்னாலிருந்து, "சொல்லும்மா, சொல்லு" என்றார்.

ஒரு குழந்தையைச் செத்துப்போன குழந்தையாக நிற்க வைக்கிறோமே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வெளியே வந்துவிட்டேன்.

"உக்காரு கண்ணு. சார், ரக்ஷா என் பொண்ணு. ஜூலைல செத்துட்டா. அந்தப் பேர அடிங்க."

ஆபீசர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தரையைப் பார்த்தார்.

"இது பொய்க்கணக்கு இல்லையாம்மா?"

"பொய்தான். யாரு சொல்ல வெச்சது? தலைய எண்ணித்தான் தருவோம்னீங்க, அதான் தலை இல்லாதவங்களையும் எண்ண வேண்டியதாப் போச்சு. நான் அடுப்புல நிக்கறவ சார். அஞ்சு பேருக்கு வடிச்சாலும் அம்பது பேருக்கு வடிச்சாலும் உலை கொதிக்கணும். ஆளு கம்மின்னு அடுப்பப் பாதியாப் பத்த வெக்க முடியுமா? இருபத்தெட்டு பிள்ளைக்கும் அஞ்சு கிளாஸு இருக்கில்ல? கூர ஒண்ணுதானே? கதவு ஒண்ணுதானே?"

"ரூல் அப்படி இருக்கும்மா."

"ரூல் போட்டவங்க பிள்ளைங்க எந்தக் கழிப்பறைக்குப் போவுதுங்க சார்? அதுக்குக் கதவு இருக்கா?"

அவர் ஹாஜரிப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ரக்ஷா பேர் மேல் சிவப்புக் கோடு போட்டார். என் கண்ணெதிரேதான் போட்டார். ஸ்கேல் வைத்து, நேராகப் போட்டார்.

முகேஷ் பேரை நான் சொல்லவில்லை. என் மகள் பேரை அடிக்கச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. உன் மகன் பேரை நீதான் வந்து அடிக்க வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுத இன்றைக்கு மனசில்லை.
யசோதா

அடுகோடி
11-12-2025

தம்பி,

ஆசிர்வாதம். நீ எழுதவில்லை. நான் எழுதுகிறேன்.

டீச்சருக்கு மெமோ வந்தது. நாலு நாள் என் முகத்தில் விழிக்கவில்லை. ஐந்தாம் நாள் அடுக்களைக்கு வந்து, "நீங்க பண்ணது சரி, எனக்கு வயித்தெரிச்சல், ரெண்டும் நெசம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு டம்ளர் டீ கொடுத்தேன், குடித்தார்.

சொன்னபடியே சிரில் சாரை எடுத்துவிட்டார்கள். வேறு பள்ளிக்கூடத்துக்காவது அனுப்பினார்களா? இல்லை. கல்வி ஆபீசில் பைல் எழுத உட்கார வைத்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை நான் வழக்கம்போலச் சமைத்தேன். அம்மாமார் எட்டுப் பேர் சேர்ந்து சோற்றுப் பானையையும் சாம்பார் குண்டானையும் ஆட்டோவில் ஏற்றினோம். இருபத்தெட்டுப் பிள்ளைகளும் தட்டும் கையுமாக வரிசையில் நடந்தார்கள். நேரே ஆபீஸ். படிக்கட்டில் உட்கார வைத்தேன்.

மஞ்சுநாத் சார் ஓடிவந்தார். "என்னம்மா இது, ஆபீஸா, சத்திரமா?"

"வாத்தியார் இருக்கற எடம்தான் சார் பள்ளிக்கூடம். வாத்தியார நீங்க இங்க வெச்சிருக்கீங்க, பிள்ளைங்க இங்க வந்துட்டாங்க. பிள்ளைங்க இருக்கற எடத்துல சோறு போடறது என் வேலை."

சிரில் சார் பைலை மூடிவிட்டு வந்து படிக்கட்டிலேயே ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தார். அழுதுகொண்டே சொல்லிக்கொடுத்ததில் ஏழெட்டு ஐம்பத்தேழு என்றார். பிள்ளைகள் திருத்தினார்கள். சாம்பார் வாசனைக்கு ஒரு குமாஸ்தா எட்டிப் பார்த்து, "எனக்கு ஒரு கரண்டி கெடைக்குமாம்மா?" என்றார். "ஹாஜரில பேர் இருக்கா?" என்று கேட்டேன். ரக்ஷா போனபின் அன்றைக்குத்தான் நான் சிரித்தது.

மூன்று நாள் போனோம். நேற்று ஆபீசர் சொன்னார்: ஏப்ரல் வரைக்கும் சிரில் சார் திரும்பி வருவார். ஜூனில் மறுபடி எண்ணுவார்கள். "அதுக்கு மேல என் கையில இல்லம்மா. பிள்ளைங்க ஏன் போனாங்கன்னு, கூட்டிட்டுப் போனவங்க கிட்டயே எழுதி வாங்கிக் குடுங்க. நீங்க சொன்னா கோவம்னு சொல்வாங்க. அவங்க எழுதினா அது காரணம். நான் மேல அனுப்பறேன்" என்றார்.

கூட்டிக்கொண்டு போனவர்கள் எழுத வேண்டுமாம். புரிகிறதா?

யசோதா

பீன்யா
18-12-2025

அக்காவுக்கு முனிராஜின் வணக்கம்.

உன் இரண்டு கடிதத்தையும் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். கோபித்துக்கொள்ளாதே. நீ எங்கள் வீட்டுக்கு வராததால் ஊறுகாய் இன்னும் ஜாடியிலேயே இருக்கிறது.

ஒரு காரியம் செய்கிறேன். கம்பெனியில் கழிவுத் தகடு கிடைக்கிறது. கழிப்பறைக்கு நல்ல இரும்புக் கதவு நானே வெல்டு பண்ணிக் கொண்டுவந்து மாட்டுகிறேன். தாழ்ப்பாளும் வைக்கிறேன். ரக்ஷா பேரை அதில் எழுதலாம். அளவு மட்டும் எழுதி அனுப்பு.

முனிராஜ்

அடுகோடி
23-12-2025

தம்பிக்கு அக்கா ஆசிர்வாதம். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு ஷிப்டுக்குப் போ.

அளவு அனுப்ப மாட்டேன். கதவு செய்யாதே.

உன் மனசு தெரியும். ஆனால் நீ கதவு மாட்டினால், மாமன் மாட்டிவிட்டான் என்று அவர்கள் தூசி தட்டிவிட்டுப் போவார்கள். அடுத்து கூரைக்கு எவன் அண்ணனைத் தேடுவது? கூடப் பிறந்தவனுக்கு வெல்டிங் தெரிந்தால்தான் பெண் பிள்ளைக்கு மறைவு கிடைக்கும் என்றால் அது என்ன அரசாங்கம்? நாம் வாங்குகிற உப்புக்கும் சோப்புக்கும் வரி எடுக்கிறார்களே, அதில் இருக்கிறது அந்தக் கதவு. அதை அவர்களே கொண்டுவந்து மாட்டட்டும்.

என் பிள்ளை பேரைக் கழிப்பறைக் கதவில் எழுத நினைத்தாயே, உனக்கு வெட்கமாக இல்லை? இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது. நீயும் சிரி.

எனக்குத் தகடு வேண்டாம். ஒரு தாள் வேண்டும். எழுது.

யசோதா

பீன்யா
7-1-2026

அக்காவுக்கு,

கீழே இருப்பது ஆபீசருக்கு நான் எழுதியதன் நகல். வீணா ஒரு தடவை படித்துப் பார்த்தாள். அவளும் கையெழுத்துப் போட்டாள்.

"ஐயா, என் மகன் முகேஷ் மூன்று வருஷமாக அந்தப் பள்ளியில் இல்லை. பேரை நீக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பேரை விட்டுவைக்கும்படி டீச்சர் கேட்டார், நான் சம்மதித்தேன். தப்பு எனக்கும் உண்டு. ஆங்கில மோகத்தால் கூட்டிப்போனேன் என்று எழுதிக்கொள்ள வேண்டாம். ஐந்து வகுப்புக்கு ஒரே டீச்சர் இருந்தார், அவரையும் வேறு வேலைக்கு அனுப்பினீர்கள். என் மகனுக்குப் பேர் எழுதத் தெரியவில்லை. அதனால் போனேன். வாத்தியாரும் கதவும் இருந்திருந்தால் போயிருக்க மாட்டேன். நான் போனதால் இன்னும் குறைத்தீர்கள். குறைத்ததால் மற்றவர்களும் போனார்கள். முதலில் போனவன் நான் என்பதால் முதலில் கையெழுத்தும் நான் போடுகிறேன்."

அக்கா, ரக்ஷா காரியத்துக்கு வந்தபோது அந்தப் பள்ளிக்கூடத்தைத் தாண்டித்தான் வந்தேன். தலையைத் திருப்பிக்கொண்டேன். அதை உன்னிடம் சொல்ல இத்தனை மாசம் ஆகிவிட்டது.

முனிராஜ்

அடுகோடி
21-1-2026

அன்புத் தம்பி முனிராஜுக்கு அக்கா யசோதா எழுதுவது.

நான் நலம். இந்தத் தடவை எழுத வேண்டுமே என்று எழுதவில்லை.

உன் தாளைத் தையல்காரரிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்துவிட்டு, கத்தரிக்கோலை வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தார். அப்புறம் மற்ற வீடுகள். மொத்தம் பதினோரு தாள். ஆபீசர் ஒவ்வொன்றாகப் படித்து முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார். நேற்று ஒருவன் வந்து கழிப்பறை வாசலுக்கு அளவு எடுத்துக்கொண்டு போனான். அளவு எடுத்தவன் எல்லாம் கதவு கொண்டுவந்துவிடுவதில்லை, தெரியும். மாசம் முடிவதற்குள் வராவிட்டால் ஆபீஸ் படிக்கட்டு எனக்கு வழி தெரிந்த இடம்தான். ஜூனில் தலை எண்ண வருவார்களாம். வரட்டும். அடுப்பைப் பற்றி நான் கேட்டதற்கு அவர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. மறுபடியும் கேட்பேன்.

முகேஷ் பேரையும் அடித்துவிட்டார்கள். இன்றைக்குக் காலையில் டீச்சர் கதவில் இருபத்தெட்டு என்று எழுதினார். எழுதிவிட்டு என்னைப் பார்த்தார். இருபத்தெட்டு டம்ளர் அளந்து போட்டேன். கை தன்னாலே இன்னொன்றுக்குப் போனது. டம்ளர் நிறைய அள்ளியும் விட்டேன். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் மூட்டையிலேயே கொட்டி, வாயை இறுக்கிக் கட்டினேன்.

மத்தியானம் பானை காலி. அடியில் ஒரு பருக்கை இல்லை. தூக்குச்சட்டி வெறுமனே வீட்டுக்கு வந்தது.

இந்த நோட்டில் இன்னும் நாலு தாள் இருக்கிறது. அதை நான் மனுவுக்கு வைத்துக்கொள்கிறேன். நீ இனிமேல் நேரில் வா. பள்ளிக்கூடத்துக்குச் சாப்பாட்டு நேரத்தில் வந்துவிடாதே, ஹாஜரியில் பேர் இல்லாதவனுக்கு அங்கே சோறு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. வீணாவையும் முகேஷையும் கூட்டிக்கொண்டு வா. ஊறுகாயை மறக்காதே.

வீட்டில் நான் எண்ணிச் சமைப்பதில்லை.

உன் அக்கா
யசோதா